உப்புத் தண்ணீரும் ஐந்து நட்சத்திரமும்

மாமாவின் மேசை லாச்சியில் ஓர் அட்டை இருந்தது. உள்ளங்கை அளவு. நடுவில் கியூஆர் குறியீடு, கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். விருந்தினர் பயணப்பையோடு கணக்குத் தீர்க்க வரும்போது மாமா முதலில் முகத்தைப் பார்ப்பார். "எல்லாம் வசதியாக இருந்ததா?" என்று கேட்பார். சிரிப்போடு பதில் வந்தால் லாச்சி திறக்கும், அட்டை வெளியே வரும். நுளம்பு, மின்விசிறிச் சத்தம், பக்கத்து வளவுச் சேவல் என்று ஏதாவது தொடங்கினால் மாமி பிளேன்டீ கொண்டுவருவார், மாமா கைகூப்பி மன்னிப்புக் கேட்பார், லாச்சி மூடியே கிடக்கும். ஆறு ஆண்டுகள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் பிழையாகத் தோன்றவில்லை. அந்த அட்டையை வடிவமைத்ததே நான்தான்.

மாமாவுக்குத் திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் ஆறு அறைகள் கொண்ட விடுதி. கடற்கரைக்கு நடந்துபோகும் தூரம். நான் உவர்மலையில் இருக்கிறேன், பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை, மாலையில் மாமாவின் ஆங்கிலம் நான். மின்னஞ்சல், முன்பதிவு, ரிவியூவுக்குப் பதில் எல்லாம் என் கைபேசிக்குத்தான் வரும். (மதிப்புரை என்று எழுதலாம், ஆனால் அது புத்தகத்துக்கு எழுதுவது போலிருக்கிறது. விமர்சனம் என்றால் சினிமா. திருமலையில் எல்லோரும் ரிவியூ என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.) சீசன் என்பது எங்களுக்கு வைகாசியில் இருந்து புரட்டாதி வரை. அந்த நான்கைந்து மாதக் காசில்தான் மாரி காலம் ஓட வேண்டும். புறாத்தீவுக்குப் போகிறவர்கள், திமிங்கிலம் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வருவதற்கு முன்பே தொலைவில் இருந்து நட்சத்திரத்தை எண்ணிவிட்டுத்தான் வருகிறார்கள். ஆகவே நட்சத்திரம் என்பது இங்கே அரிசி.

2025 மே மாதம் ஒரு கடிதம் வந்தது. இங்கிலாந்தில் இருந்து ஆண்டுக்கு ஏழெட்டுப் பேரை எங்களிடம் அனுப்பும் சிறிய பயண முகவர் ஒருவர் எழுதியது. அந்த ஏப்ரல் 6 முதல் அங்கே, 2024இல் நிறைவேறிய டிஜிட்டல் சந்தைகள், போட்டி, நுகர்வோர் சட்டத்தின் நுகர்வோர் பகுதி நடைமுறைக்கு வந்திருந்தது. போலி ரிவியூ எழுதுவதும் எழுதுவிப்பதும் தடை. காசோ பொருளோ கொடுத்து எழுதுவித்துவிட்டு அதை மறைப்பது தடை. பாதகமானதை ஒளித்துவிட்டுச் சாதகமானதை மட்டும் காட்டுவதும் தடை. மீறினால் அங்குள்ள போட்டி, சந்தைகள் அதிகார சபை நீதிமன்றப் படி ஏறாமலே உலகளாவிய விற்றுமுதலில் பத்து வீதம் வரை தண்டம் விதிக்கலாம். இதை மாமாவுக்கு வாசித்துச் சொன்னபோது, "உலகளாவியதா? என் உலகமே இந்த ஆறு அறைதான், பிள்ளை" என்று சிரித்தார். லண்டன் சட்டத்தின் கை உப்புவெளி வரை நீளாது என்பது அவர் எண்ணம். கை நீளாவிட்டாலும் கடிதம் வந்துவிட்டது. முகவர் அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறார், தன் பக்கத்தில் எங்கள் விடுதியின் புகழைப் போட்டுக் காட்டுகிறார், அது நேர்மையாகச் சேர்ந்த புகழா என்று கேட்கவேண்டியது அவர் பொறுப்பு. அதோடு எங்கள் நாட்டிலேயே 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. நுகர்வோரை ஏமாற்றும், தவறான வழியில் இட்டுச்செல்லும் நடத்தையை அதன் 30ஆம் பிரிவு தடுக்கிறது. நட்சத்திரம் என்ற சொல் அதில் இல்லை என்பதற்காக நாம் வெளியே நிற்பதாக நினைத்துக்கொள்வது நம் வசதிக்கு.

கடிதத்தில் நான்கு கேள்விகள். உங்கள் இணையதளத்தில் போட்டிருக்கும் பாராட்டுகள் வந்தவை எல்லாமா, தேர்ந்தெடுத்தவையா? உரிமையாளரின் உறவினரோ பணியாளரோ எழுதியவை இருக்கின்றனவா? ரிவியூ எழுதுகிறவருக்கு ஏதாவது கொடுக்கிறீர்களா? எழுதியதை மாற்றவோ நீக்கவோ எப்போதாவது ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா?

தட்டு ஆடி நிற்கும் முன்

முதல் கேள்வி எனக்குச் சுலபமாகப் பட்டது. எங்கள் இணையதளத்தில் 'எங்கள் விருந்தினர்கள் சொல்வது' என்ற தலைப்பில் எட்டுப் பாராட்டுகள் இருந்தன. எட்டும் உண்மை. எட்டும் முன்பின் அறியாதவர்கள் மனமுவந்து எழுதியவை. இதில் என்ன குற்றம் என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு தேடி வாசித்தபோது பேஷன் நோவா என்ற அமெரிக்க உடை நிறுவனத்தின் கதை கிடைத்தது. நான்கு, ஐந்து நட்சத்திர ரிவியூக்கள் தாமாகவே அவர்களுடைய தளத்தில் ஏறிவிடும். அதற்குக் கீழே வந்தவை அனுமதிக்காகக் காத்துக் கிடக்கும், அனுமதி வராது. 2015 முதல் 2019 வரை இலட்சக்கணக்கானவை அப்படியே கிடந்தன என்பது அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழுவின் குற்றச்சாட்டு. 2022இல் 42 இலட்சம் டொலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. பொய் ரிவியூ என்ற குற்றச்சாட்டே அதில் இல்லை என்பதை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

அப்பாவின் பலசரக்குக் கடை நினைவுக்கு வந்தது. ஆண்டுக்கு ஒரு முறை தராசையும் படிக்கற்களையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு முத்திரை குத்தப் போவார். திரும்பி வந்ததும் படிக்கல்லின் அடியில் பதிந்த புதுக் குறியை எனக்குக் காட்டுவார். ஆனால் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வித்தை உண்டு. சீனியைச் சற்று உயரத்தில் இருந்து கொட்டினால் தட்டு சட்டென்று தாழும். ஆடி நிற்கும் முன்பே எடுத்துச் சுற்றிக் கொடுத்துவிட வேண்டும். படிக்கல் சரி, தராசு சரி, சீனியும் நல்ல சீனி. நிறை மட்டும் பொய். மாமாவின் லாச்சி செய்துகொண்டிருந்தது இதைத்தான். சிரித்தவர்களுக்கு மட்டும் அட்டையை நீட்டுவது கூகுளின் விதிகளிலும் தடை: நல்லதை எழுதக்கூடியவர்களாகப் பொறுக்கிக் கேட்கக்கூடாது, பாதகமாக எழுத நினைப்பவரைத் தடுக்கவோ தயங்கவைக்கவோ கூடாது. எனக்கு அந்த விதி தெரியாது. தெரிந்திருந்தாலும் தேநீர் கொடுப்பதும் ஒரு தடுப்புத்தான் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

மூன்றாவது கேள்வியில் மாமா என்னோடு சண்டைக்கே வந்தார். ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுக் கைபேசியைக் காட்டுகிறவர்களுக்கு அவர் ஒரு செவ்விளநீர் வெட்டிக் கொடுப்பது வழக்கம். "வந்தவருக்கு இளநீர் கொடுப்பது இலஞ்சமா? எந்த ஊர் நியாயம் இது?" அமெரிக்காவில் 2024 அக்டோபர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் போலி ரிவியூ விதி இதில் ஒரு நுணுக்கத்தைப் பிடித்திருக்கிறது. அன்பளிப்புக் கொடுப்பதை அந்த விதி முற்றாகத் தடுக்கவில்லை. நல்லதாக எழுதினால்தான், அல்லது கெட்டதாக எழுதினால்தான் தருவேன் என்ற நிபந்தனையைத்தான் தடுக்கிறது. ஒரு மீறலுக்கு 51,744 டொலர் வரை தண்டம் என்று அப்போது இருந்தது. கூகுளோ அதைவிடக் கண்டிப்பு, எழுதுவதற்காக எதையும் கொடுக்காதே என்கிறது. வாசல் படியில் வரவேற்பாகக் கொடுக்கும் இளநீர் விருந்தோம்பல், கைபேசித் திரையைப் பார்த்துவிட்டு வெட்டும் இளநீர் கூலி. மாமா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு இளநீருக்கு யார் மனச்சாட்சியை விற்பார்?" என்றார். விற்கமாட்டார்கள்தான். ஆனால் எதிரே கத்தியோடு ஒருவர் குரும்பையைச் சீவத் தயாராக நிற்கும்போது மூன்று நட்சத்திரம் போட யாருக்கு மனம் வரும்?

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். வட்ஸ்அப்பில் எங்கள் பக்கத்து விடுதிகள் எல்லாவற்றுக்கும் ஒரே செய்தி வரும்: இத்தனை ரூபாய்க்கு இத்தனை ஐந்து நட்சத்திரம், வெவ்வேறு நாட்டுப் பெயர்களில், படத்தோடு. மாமா அதைத் தொட்டதில்லை. "வராதவன் எப்படி எழுதுவான்?" என்று கேட்டு அழித்துவிடுவார். இத்தாலியில் லெச்சே நகர நீதிமன்றம் 2018இல் இப்படிப் பொய் ரிவியூ விற்ற ஒருவருக்கு ஒன்பது மாதச் சிறை விதித்தது என்று சொன்னபோது மாமாவுக்கு மிகுந்த திருப்தி. திருடர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள் என்பது தரும் திருப்தி அது. எனக்கும்தான் இருந்தது, நான்காவது கேள்வி வரும்வரை.

மறைந்துபோன மூன்று நட்சத்திரம்

2024 ஜூலையில் ஜெர்மன் தம்பதியர் ஒரு வாரம் தங்கினார்கள். அந்த மாதங்களில் மழை குறைவு, கிணறு வற்ற வற்றத் தண்ணீர் உவர்க்கத் தொடங்கும். ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது, நாங்கள் பழகிவிட்டோம். குடிப்பதற்குப் போத்தல் தண்ணீர் கொடுக்கிறோம், குளிப்பதற்கு என்ன என்பது எங்கள் நியாயம். அவர்கள் ஊர் திரும்பியபின் மூன்று நட்சத்திரம் போட்டார்கள். நல்ல மனிதர்கள், அருமையான மீன், ஆனால் குளியலறையில் உப்புத் தண்ணீர் வருகிறது, கடலில் குளித்துவிட்டு வந்து மறுபடியும் கடலில் குளிப்பது போலிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். மாமா கொதித்தார். "உப்புவெளிக்கு வந்துவிட்டு உப்பு என்கிறார்களா? எதிர் விடுதிக்காரன் சொல்லி எழுதுவித்தது என்று பதில் போடு." போடவில்லை. அது பொய் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எழுதியவர்மீது பொய்யென்று தெரிந்தே பகிரங்கமாகப் பழிபோட்டு ரிவியூவை எடுக்கவைப்பதும் அந்த அமெரிக்க விதியில் தடை என்று பிற்பாடு வாசித்தேன். நான் போடாததற்குக் காரணம் விதி இல்லை. அந்த அம்மா போகும்போது மாமியைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனவர்.

மாமா வேறு வழி பார்த்தார். ஓர் இரவுக்கான காசைத் திருப்பி அனுப்பி, வருத்தம் தெரிவித்து, முடியுமானால் அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்டு எழுதச் சொன்னார். நான்தான் எழுதினேன், பணிவான, அழகான ஆங்கிலத்தில். இரண்டு நாளில் ரிவியூ காணாமல் போயிருந்தது. குறையை ஒப்புக்கொண்டோம், காசும் திருப்பினோம், அவர்களுக்கும் திருப்தி, எங்களுக்கும் திருப்தி. இதைவிடக் கண்ணியமாக ஒரு பிணக்கைத் தீர்க்க முடியாது என்றே நினைத்தேன்.

ஓகஸ்டில் கனடாவில் இருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு இருட்டியபின் அறைக்கு வந்தார்கள். சற்று நேரத்தில் மேல் அறையில் இருந்து குழந்தையின் அலறல். நான் அப்போது கீழே கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தாய் படியில் இறங்கி வந்தார், நான்கு வயது மகனைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறமும் கரப்பான் என்ற தோல் நோய், சிவந்து வெடித்திருந்தது. அதில் உப்புத் தண்ணீர் பட்டிருக்கிறது. அவர் சத்தம் போடவில்லை. "ரிவியூ எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வாசித்துவிட்டுத்தான் ஐயா பதிவு செய்தேன். தண்ணீரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே" என்றார். மாமா வாயைத் திறந்தார், மூடினார். என்னைப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டில் குழாய்நீர் இணைப்பு இருந்தது. நானும் மாமியும் பெயின்ற் வாளி இரண்டை எடுத்துக்கொண்டு போனோம். மாலையில் குழாயில் வேகம் இருக்காது, நூல் போல ஒழுகும். வாளி நிரம்பும் வரை இருவரும் பேசாமல் நின்றோம். ஐந்து வாளி சுமந்தோம். மூன்றாவது வாளிக்குத் திரும்பி வரும்போது மாமா கிணற்றடியில் டோர்ச் லைற்றை அடித்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை அவர்கள் வேறு விடுதிக்குப் போனார்கள். ரிவியூ எதுவும் எழுதவில்லை. பிள்ளையின் கைக்குத் தேங்காய் எண்ணெய் பூசிவிடச் சொல்லி மாமி ஒரு சிறிய போத்தலில் கொடுத்தனுப்பினார். அதுவும் எங்களுக்கே ஓர் ஆறுதலுக்காகத்தான்.

ஆகவே அடுத்த ஆண்டு அந்தக் கடிதத்தின் நான்காவது கேள்வியை நான் வாசித்தபோது மாமா ஏற்கெனவே, "எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டு அனுப்பு பிள்ளை" என்று சொல்லி முடித்திருந்தார். நான் தட்டச்சு செய்யாமல் இருந்தேன். மின்விசிறி சுற்றியது. கடலைப் பருப்புக் கிண்ணத்தை அவர் ஒரு பக்கம் தள்ளிவைத்தார். சட்டத்தில் பார்த்தால் அந்தத் தொகையைச் சேவைக் குறைக்கு ஈடு என்று வாதாடலாம், காசு திருப்பிக் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் கூகுளின் விதியில் நேராகவே இருக்கிறது: பாதகமான ரிவியூவை மாற்றவோ நீக்கவோ சலுகை கொடுக்கக்கூடாது. அதை வாசித்துக் காட்டலாமா என்று யோசித்தேன். தேவைப்படவில்லை. "நாலாவதுக்கு ஓம் என்று எழுது" என்றார். பிறகு, "திகதியோடு எழுது." பிறகு எழுந்து வெளியே போனார்.

முகவரின் பதில் நான் அஞ்சியதைவிடச் சுருக்கமாக இருந்தது. இனி அப்படிச் செய்யவேண்டாம், தண்ணீரைப் பற்றி அறை விவரத்திலேயே எழுதுங்கள், தேர்ந்தெடுத்த பாராட்டுகளைத் தேர்ந்தெடுத்தவை என்றே சொல்லுங்கள். எழுதினோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும், தோல் நோய் உள்ளவர்கள் முன்கூட்டிச் சொன்னால் நல்ல தண்ணீர் ஏற்பாடு செய்வோம். எட்டுப் பாராட்டுகளின் தலைப்பை மாற்றி, கீழே எல்லா ரிவியூக்களுக்கும் இணைப்புக் கொடுத்தோம். அட்டை லாச்சியை விட்டு வெளியேறி ஒவ்வோர் அறைக் கதவின் உட்புறத்திலும் ஏறியது. இளநீர் இப்போது வந்து இறங்கியவுடன், எல்லோருக்கும். குழாய்நீர் இணைப்புக்கு மாமா விண்ணப்பித்திருக்கிறார். முதல் மாதத்திலேயே சேவலுக்காக ஒரு இரண்டு நட்சத்திரம் வந்தது. சேவல் எங்களுடையது அல்ல என்று எழுதச் சொன்னார். அதிகாலை நான்கரைக்குத் தொடங்கும் என்று எழுதினேன்.

சொந்தக்காரர் என்றால் யார்?

மிச்சம் இருந்தது இரண்டாவது கேள்வி. அதை எல்லோரும் கடைசிக்குத் தள்ளினோம், ஏனென்றால் அதில் நான் இருந்தேன். விடுதியைக் கூகுளில் சேர்த்த முதல் வாரத்தில் வெறும் பக்கமாக இருக்கிறதே என்று நான் ஐந்து நட்சத்திரம் போட்டேன். அம்மா போட்டார். கட்டாரில் இருக்கும் மாமாவின் மகன் போட்டான். மாமியின் தம்பி போட்டார். மொத்தம் நான்கு.

அமெரிக்க விதி உறவினருக்கு ஒரு வரைவிலக்கணம் வைத்திருக்கிறது. நெருங்கிய உறவு என்றால் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர். அவ்வளவுதான். அந்த நான்கு வகை உறவினரிடம் உரிமையாளர் கேட்டு எழுதுவித்தால் உறவு வெளியே தெரியவேண்டும். எங்கள் வீட்டில் உறவு என்பது அந்த நாலில் தொடங்குகிறது, முடிவதில்லை. அந்தக் கணக்கில் அக்கா மகளான நான் அந்நியள். தொட்டிலில் என்னைத் தூங்கவைத்த மாமாவுக்கு நான் நெருங்கிய உறவு இல்லை என்று வாஷிங்டனில் யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது. ஆனால் கூகுளுக்கு அந்த நுணுக்கம் எல்லாம் இல்லை, நலன் சம்பந்தப்பட்டவர் எழுதக்கூடாது என்பதோடு முடித்துவிடுகிறது. என்னுடையதை அன்றிரவே நீக்கினேன். கட்டாரில் இருந்தவன் ஐந்து நிமிடத்தில் நீக்கிவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பினான். மாமியின் தம்பிக்குக் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது, அதற்கு ஒரு வாரம் எடுத்தது.

அம்மா மறுத்துவிட்டார். "நான் பொய்யா எழுதினேன்? மூன்று நாள் தங்கினேன். அறை சுத்தமாக இருந்தது, பாரைமீன் குழம்பு நன்றாக இருந்தது. அதைத்தான் எழுதினேன்." உடன்பிறந்த தம்பியின் விடுதி என்று சொல்லவில்லையே அம்மா என்றேன். "அப்படியானால் அதையும் சேர்த்துவிடு. தம்பி என்று சொல்ல எனக்கு என்ன வெட்கம்?" சேர்த்தால் அமெரிக்க விதி திருப்தியடையும், கூகுள் அடையாது. அதை அம்மாவுக்கு விளக்கத் தொடங்கி, பாதியில் விட்டேன்.

பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டேன், தொழில் பழக்கம். முன்பு இருந்தவை 37 ரிவியூ, கூட்டினால் 170 நட்சத்திரம், சராசரி 4.6 என்று காட்டியது. மூன்று போனபின் 34, கூட்டுத்தொகை 155. வகுத்தால் 4.559, அப்போதும் 4.6தான். அம்மாவுடையதும் போனால் 33, 150. அது 4.545. பக்கத்தில் 4.5 என்று விழும். முகவர்களின் தேடல் பட்டியலில் அந்த ஒரு புள்ளியின் விலை மாமாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தக் காகிதம் இப்போது அந்த லாச்சியில் இருக்கிறது, அட்டை இருந்த இடத்தில். மாமாவிடம் இன்னும் காட்டவில்லை.